ஒரு நொடி பளிச், மறுநொடி மங்கல்: ரா கோப்புக்குள் என்ன நடக்கிறது?

கேமரா வழக்கமாகத் தரும் ஜேபெக்குக்கு (JPEG) பதில், கேமராவின் சென்சார் அளந்ததை அப்படியே வைக்கும் ரா (RAW) அமைப்பை முதன்முறையாகப் போட்டுப் படமெடுத்து வந்து, அடோபியின் லைட்ரூம் மென்பொருளில் திறப்பவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அனுபவம்தான். படத்தின் மேல் கிளிக் செய்ததும், கேமராவின் பின்திரையில் பார்த்த அதே நிறத்தோடு பளிச்சென்று தெரியும். அடுத்த நொடியே நிறம் வெளிறி, ஓரங்கள் மழுங்கி, படத்தின் உயிரே இறங்கிவிடும். “ஜேபெக்கே நன்றாக இருந்ததே, இதற்கா இவ்வளவு பெரிய கோப்பு?” என்று கேட்காத தொடக்கக்காரர் குறைவு. பலர் அன்றைக்கே ஜேபெக்குக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

திரும்புவதற்கு முன் அந்த ஒரு நொடியில் நடந்தது என்ன என்று பார்த்துவிட வேண்டும். முதலில் தெரிந்த பளிச் படம் ரா கிடையாது. ஏறக்குறைய ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் கேமரா தானாகவே ஒரு ஜேபெக்கையும் செய்து பொதிந்து வைக்கிறது. பின்திரையில் நாம் பார்ப்பது அதைத்தான். இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் வைத்துக் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடமும் அதை வைத்து வரைந்ததுதான். மென்பொருள் முதலில் அதை எடுத்துக் காட்டிவிட்டு, பின்னணியில் உண்மையான ரா தரவைக் கணக்கிட்டு முடித்ததும் தன்னுடைய படத்தை அந்த இடத்தில் வைக்கிறது. அப்படியானால் இரண்டாவதாக வந்த மங்கல் படமாவது ராவா என்றால், அதுவும் இல்லை. அது அடோபியின் பொறியாளர்கள் பொதுவாக வைத்திருக்கும் ஒரு தொடக்க நிலை. அதே கோப்பை டார்க்டேபிள் என்ற இன்னொரு மென்பொருளில் திறந்தால் வேறு மாதிரி தெரியும், கேமரா நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் திறந்தால் பின்திரையில் பார்த்த மாதிரியே தெரியும். ராவுக்கென்று ஒரு தோற்றமே கிடையாது.

ரா எடுப்பவர், கேமரா தானாக எடுத்துவந்த சில முடிவுகளைத் தன் கைக்கு மாற்றிக்கொள்கிறார். எந்த முடிவுகள் அப்படிக் கைக்கு வருகின்றன, எவை ஷட்டரை அழுத்திய கணத்திலேயே மீட்க முடியாமல் முடிந்துபோகின்றன என்ற பாகுபாடு தெரிந்துவிட்டால், படமெடுக்கும்போது எதில் கவனம் வைக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். இதனால்தான், “முதலில் நன்றாக எடுக்கப் பழகு, பிறகு ராவுக்குப் போகலாம்” என்ற பரவலான அறிவுரையை நான் ஏற்பதில்லை. பழகும் காலத்தில்தான் ரா அதிகம் உதவும்.

சென்சாருக்கு நிறம் தெரியாது

டிஜிட்டல் கேமராவின் சென்சார் நிறத்தைப் பதிவதில்லை. தன்மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்று மட்டுமே ஒவ்வொரு பிக்சலும் அளக்கும். நிறம் எப்படி வருகிறது என்றால், ஒவ்வொரு பிக்சலின் தலைக்கு மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு நிற ஒளியை மட்டும் உள்ளே விடும் வண்ணச் சில்லு ஒட்டியிருக்கிறது. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வடிவமைத்து, 1976-ல் காப்புரிமை கிடைத்த ஏற்பாடு இது. இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களிலும் போன்களிலும் அதன் ஏதோ ஒரு வடிவம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 4 பிக்சல் கொண்ட ஒரு சிறு சதுரத்தில் 2 பச்சை, 1 சிவப்பு, 1 நீலம். நம் கண் நுணுக்கங்களைப் பிரித்துப் பார்ப்பது பெரும்பாலும் பச்சைப் பகுதி ஒளியை வைத்துத்தான் என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு.

இதன் விளைவை நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். உங்கள் 24 மெகாபிக்சல் கேமராவில் 12 மில்லியன் பிக்சல்கள் பச்சையை மட்டும் அளக்கின்றன, 6 மில்லியன் சிவப்பை மட்டும், 6 மில்லியன் நீலத்தை மட்டும். முடிந்த படத்திலோ ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிறமும் வேண்டும். மீதி இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் நிரப்புகிறார்கள். அதாவது நாம் எடுக்கும் ஒவ்வொரு வண்ணப் படத்திலும் மூன்றில் இரண்டு பங்கு நிறத் தகவல் அளந்தது இல்லை, ஊகித்தது. இந்த ஊகத்துக்கு டிமொசைக்கிங் என்று பெயர். எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி ஊகிப்பதில்லை. தலைமுடி, புல், பட்டுத்துணியின் நெசவு போன்ற இடங்களில் ஒரே ரா கோப்பு மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடுவதற்கு இது ஒரு காரணம். ஃபுஜிஃபில்ம் 2012-ல் எக்ஸ்-ப்ரோ1 கேமராவோடு கொண்டுவந்த எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில் சில்லுகளின் அடுக்கே வேறு. அந்தக் கோப்புகளை ஒழுங்காகத் திறக்க மென்பொருள்காரர்கள் ஆரம்பத்தில் நிறையப் பாடுபட்டார்கள்.

ரா கோப்பில் இருப்பது இந்த ஊகத்துக்கு முந்தைய கணக்கு, ஒரு பிக்சலுக்கு ஒரே ஓர் எண். 12 பிட் கோப்பானால் அந்த எண் 0 முதல் 4095 வரை இருக்கலாம், 14 பிட்டானால் 16,383 வரை. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 படிகள்தான்.

ஷட்டர் விழுந்து கண் இமைப்பதற்குள் கேமரா ஜேபெக்குக்காகச் செய்யும் வேலைகள் ஏராளம். வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி, விளக்குக்கு ஏற்ப சிவப்பையும் நீலத்தையும் பெருக்கி ஒயிட் பேலன்ஸ் செய்கிறது, விடுபட்ட நிறங்களை ஊகிக்கிறது, சென்சாரின் நிறங்களைத் திரையின் நிறங்களாக மாற்றுகிறது. நம் கண்ணுக்கு இதமாகத் தெரியும்படி ஒளியளவை வளைக்கிறது, நாய்ஸ் என்ற புள்ளிகளைத் துடைக்கிறது, ஓரங்களைக் கூர்மையாக்குகிறது. கடைசியில் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, கண் கவனிக்காது என்று தோன்றும் நுணுக்கங்களைக் கழித்துச் சுருக்குகிறது. இவ்வளவும் முடிந்ததும் மூலக் கணக்கைத் தூக்கி எறிந்துவிடுகிறது. வேலை மோசமானது என்று சொல்ல வரவில்லை. கேனான், ஃபுஜி ஜேபெக்குகளின் நிறத்துக்காகவே அந்தக் கேமராக்களை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த முடிவுகள் எல்லாம் முன்கூட்டியே வகுத்த கணக்கின்படி எடுத்தவை. முன்னால் நிற்பது யார், அந்த வெளிச்சம் எப்படி இருந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள்.

மண்டபத்தில் ஓர் அரக்குச் சேலை

இந்த வேறுபாட்டை நேரில் பார்க்க ஒரு கல்யாண மண்டபத்தைவிட நல்ல இடம் கிடையாது. அரக்குச் சிவப்பில் காஞ்சிபுரம் பட்டு, அகலமான ஜரிகைக் கரை, மேலே மஞ்சள் விளக்கு, பக்கத்தில் வீடியோக்காரரின் வெள்ளை எல்இடி, வாசலிலிருந்து காலை வெயில். தொடக்கக்காரர் தடுமாறும் எல்லாமே ஒரே சட்டகத்துக்குள் இருக்கின்றன.

ஜேபெக்கில் அந்தச் சேலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். மடிப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே சிவப்பாக அப்பியிருக்கும். மஞ்சள் விளக்கில் சிவப்பு ஏற்கெனவே அதிகம். அதன்மேல் கேமராவின் வண்ண அமைப்பு இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்க, சிவப்பு எண் ஜேபெக்கின் உச்சமான 255-ல் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. மடிப்பின் மேட்டிலும் 255, பள்ளத்திலும் 255. கண்ணுக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. இன்னொரு காரணமும் உண்டு. இணையத்துக்கும் சாதாரணத் திரைகளுக்கும் பொதுவாக இருக்கும் எஸ்ஆர்ஜிபி வண்ண எல்லை, 1996-ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து அன்றைய குழாய்த் திரைகளை மனதில் வைத்து வகுத்தது. பட்டின் ஆழ்ந்த சிவப்பு சில சமயம் அந்த எல்லைக்கு வெளியே விழுகிறது. எல்லைக்கு வெளியே போன சிவப்புகள் எல்லாம் ஒரே சிவப்பாக மாறிவிடுகின்றன.

அதே கணத்தின் ரா கோப்பில் பெரும்பாலும் சென்சார் முட்டியிருக்காது. எண் மேலே போனதெல்லாம் பிறகு செய்த பெருக்கல்களால் வந்தது. ரா மென்பொருளில் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்து, சிவப்பின் செறிவை மட்டும் கொஞ்சம் இறக்கினால் மடிப்பு மடிப்பாகச் சேலை எழுந்து வரும். ஜரிகையின் மினுமினுப்புக்குள் இழைகள் தெரியும். முதல் தடவை இதைப் பார்க்கிறவர்கள் பிறகு ராவை விடமாட்டார்கள்.

ஒயிட் பேலன்ஸில் ஒரு சின்ன நுணுக்கம். மென்பொருளில் ஒரு சொட்டுக்குழாய்க் கருவி இருக்கும். படத்தில் நிறமற்ற ஓர் இடத்தைத் தொட்டால் அதை நடுநிலையாக்கி மற்ற நிறங்களையும் சரிக்கட்டும். மண்டபத்தில் வெள்ளை என்றதும் கை மாப்பிள்ளையின் வேட்டிக்குத்தான் போகும். வெளுத்து நீலம் போட்ட வேட்டியாக இருந்தால் அது உண்மையாகவே நீலம் கலந்த வெள்ளை. மென்பொருள் அந்த நீலத்தைக் கழிக்கப் போய் முகமெல்லாம் மஞ்சளாகிவிடும். ஒரு சாம்பல் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, விளக்கு மாறும்போதெல்லாம் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அப்படிச் சரியாக அளந்த பிறகும் நான் முழு நடுநிலைக்குக் கொண்டுபோவதில்லை. முகூர்த்த நேரத்து விளக்கின் மஞ்சளில் கொஞ்சம் படத்தில் இருக்க வேண்டும். அளவுகோல் சொல்வதைவிட அங்கே நின்ற கண் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

ராவாலும் முடியாதது ஒன்று மண்டபத்தில் உண்டு. மேடை அலங்காரத்துக்கு வைக்கும் ஊதா, நீல எல்இடி விளக்குகள். அவை அந்தக் குறுகிய நிறத்தை மட்டுமே வீசுகின்றன. முகத்தில் சிவப்பும் பச்சையும் விழாதபோது சென்சாரில் பதிய அங்கே ஒன்றும் இல்லை. தலைகீழாக நின்றாலும் அந்த ஊதா முகத்தை மாநிறமாக்க முடியாது. கருப்பு வெள்ளையாக்கிக் காப்பாற்றலாம், அல்லது எடுக்கும்போதே விளக்கை அணைக்கச் சொல்லலாம்.

எக்ஸ்போஷர்: இது மட்டும் உங்கள் கையில், அந்தக் கணத்தில்

ஒயிட் பேலன்ஸ், வண்ணச் செறிவு, கூர்மை, கருப்பு வெள்ளை, வண்ண எல்லை எஸ்ஆர்ஜிபியா அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபியா என்பவை எல்லாம் ராவில் வெறும் குறிப்புகளாகவே எழுதப்படுகின்றன. பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்ற முடியாதவை போகஸ், ஷட்டர் வேகம், லென்ஸ் துளையின் அகலமான அப்பர்ச்சர், சென்சாருக்குள் எவ்வளவு ஒளியை விட்டோம் என்பது. அசைவில் குழம்பிய முகம் ராவிலும் குழம்பியதுதான்.

இவற்றில் தொடக்கக்காரர்கள் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்வது கடைசியாகச் சொன்ன ஒளியளவை, அதாவது எக்ஸ்போஷரை. “ரா எடுத்தால் எக்ஸ்போஷரைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்” என்று சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. இருட்டை ஓரளவு தூக்கலாம். வெளுத்துப்போனதை மீட்க முடியாது. ஒரு பிக்சல் தன்னால் கொள்ள முடிந்த உச்சத்தைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு ஒளி விழுந்தாலும் அதே எண்தான். மேகத்தின் விளிம்பும் அதற்குப் பின்னாலிருக்கும் வானமும் ஒரே எண்ணாகிவிட்டால் இரண்டையும் பிரிக்க எந்த மென்பொருளாலும் ஆகாது. மூன்று நிறங்களில் ஒன்று மட்டும் முட்டியிருந்தால் மற்ற இரண்டை வைத்து ஊகித்து ஒப்பேற்றுவார்கள். மூன்றும் முட்டினால் வெள்ளைத் துளைதான்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை விடியலில் கரைப்பக்கம் நின்று எடுப்பதாக வைத்துக்கொள்வோம். சூரியன் கோயிலுக்குப் பின்னால் கடலிலிருந்து எழுகிறது. நமக்கு எதிரே இருக்கும் கல்முகம் நிழலில் இருக்கிறது. கேமராவை அதன் போக்கில் விட்டால் கோயில் இருட்டாக இருப்பதைப் பார்த்து ஒளியைக் கூட்டக்கூடும், அப்போது வானம் வெளுத்துவிடும். ரா எடுப்பவர் செய்ய வேண்டியது, வெளுத்த இடங்கள் மினுக்கும் எச்சரிக்கையைப் போட்டுக்கொண்டு, சூரிய வட்டத்தைத் தவிர வேறெங்கும் மினுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைப்பது. பின்திரையில் கோயில் கரிக்கட்டையாகத் தெரியும். பயப்பட வேண்டாம். பதிந்த ஒளியைப் பெருக்கிக் காட்டும் அமைப்பான ஐஎஸ்ஓவை 100-ல் வைத்தால், இன்றைய நல்ல சென்சார்கள் ஏறக்குறைய 12 முதல் 14 ஸ்டாப் வரையிலான ஒளி வேறுபாட்டைப் பிடிக்கின்றன; ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாகும் ஒரு படி. அந்தக் கரிக்குள் கல்லின் அரிப்பும் சிற்பங்களின் தேய்ந்த முகங்களும் பத்திரமாக இருக்கும். மென்பொருளில் ஷேடோவை, அதாவது நிழல் பகுதியைத் தூக்கினால் வெளியே வரும்.

வந்தாலும் கொஞ்சம் நாய்ஸோடு வரும். காரணம் ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது. ஒளி ஃபோட்டான் என்ற துகள்களாகச் சீரில்லாமல் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100, அதாவது 1 சதவீதம். 100 ஃபோட்டான் மட்டும் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. கேட்பதற்குக் குறைவு, ஆனால் 10 சதவீதம். இருட்டில்தான் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்பதற்கு அடிப்படை இதுவே. கேமரா மட்டமாக இருப்பதால் மட்டும் நாய்ஸ் வருவதில்லை, ஒளி போதாததால் வருகிறது. ஐஎஸ்ஓவைக் கூட்டினாலும் சென்சாருக்குள் ஒரு ஃபோட்டான்கூட அதிகமாக வரப்போவதில்லை.

இதிலிருந்து பிறந்ததுதான் ஹிஸ்டோகிராமை வலப்பக்கம் தள்ளி எடுக்கும் முறை. வெளுக்காத அளவுக்கு எவ்வளவு ஒளி முடியுமோ அவ்வளவையும் உள்ளே விட்டு, பிறகு மென்பொருளில் இறக்கிக்கொள்வது. கனடா ஒளிப்படக் கலைஞர் மைக்கேல் ரைக்மன் 2003-ல் எழுதி இதைப் பரவலாக்கினார். ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோலுடன் பேசியதில் கிடைத்த யோசனை அது. ரா எண்கள் ஒளிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கு மட்டுமே மொத்தப் படிகளில் பாதி போய்விடுகிறது, 14 பிட்டில் 8,192. அடுத்த ஸ்டாப்புக்கு 4,096. இப்படியே பாதி பாதியாகக் குறைந்து அடியில் இருக்கும் இருட்டுக்குக் கைப்பிடி அளவுதான் மிஞ்சும் என்பது அன்று சொன்ன காரணம். இன்று பலரும் படிக்கணக்கைவிட ஃபோட்டான் கணக்கையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. எதுவானாலும் கையில் செய்வது ஒன்றுதான். ஓடும் குழந்தையை எடுக்கும்போது மட்டும் இதையெல்லாம் மறந்துவிடுங்கள். அங்கே ஷட்டர் வேகம்தான் முதலில்.

ஒரு சிக்கலை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராமும் மினுக்கும் எச்சரிக்கையும் உள்ளே பொதிந்த ஜேபெக்கைப் பார்த்துச் சொல்பவை. ஜேபெக்கில் வெளுத்தது ராவில் வெளுக்காமல் இருக்கலாம். வண்ண அமைப்பை ‘விவிட்’ மாதிரியானவற்றில் வைத்திருந்தால் இந்த இடைவெளி இன்னும் அகலும். ‘நியூட்ரல்’ அல்லது ‘ஃபிளாட்’ அமைப்பில் வைத்தால் பின்திரைப் படம் சப்பென்று இருக்கும், ஆனால் எச்சரிக்கை உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

கணினியில் உட்கார்ந்த பிறகு

மென்பொருள் எது என்பதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். டார்க்டேபிளும் ரா தெரபியும் இலவசம், திறந்த மூலம், முழுத் தொழிலுக்கே போதுமான வலு உள்ளவை. டார்க்டேபிள் முதல் வாரம் கொஞ்சம் மிரட்டும். கேனானின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனலும் நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோவும் அந்தந்தக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இலவசம். கேமராவின் சொந்த நிறம் பிடித்தவர்கள் அங்கே தொடங்கலாம்.

எதில் செய்தாலும் ரா கோப்பின் மூலக் கணக்கின் மேல் ஒரு கீறல்கூட விழாது. நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு ஸ்லைடரும் ஒரு சிறு குறிப்பாகத் தனியே சேமிக்கப்படுகிறது, மென்பொருளைப் பொறுத்து அதன் தரவுத்தளத்திலோ, எக்ஸ்எம்பி போன்ற பெயருடன் பக்கத்திலேயே இருக்கும் ஒரு கோப்பிலோ. சில கிலோபைட்தான். தெரியாமல் அந்தக் கோப்பை அழித்துவிட்டுப் படத்தின் எடிட் எல்லாம் போய்விட்டதே என்று தேடுகிறவர்கள் உண்டு. ரா கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தும்போது இதையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

தொடக்கத்தில் ஒரு நல்ல பயிற்சி, ராவையும் ஜேபெக்கையும் சேர்த்து எடுக்கும் அமைப்பைப் போட்டுவிட்டு, கணினியில் ஜேபெக்கைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ராவை அதே மாதிரி கொண்டுவர முயல்வது. ஒயிட் பேலன்ஸ், மொத்த ஒளியளவு, ஹைலைட் எனும் வெளிச்சப் பகுதி, ஷேடோ, கருப்பின் ஆழம் என்று ஒவ்வொன்றாக நகர்த்தும்போது கேமரா உங்களுக்காக என்னென்ன செய்துவந்தது என்பது விரலுக்குத் தெரியவரும். பிறகு, எந்த இடத்தில் கேமராவோடு உங்களுக்கு ஒத்துப்போகவில்லை என்பதும் தெரியும். உங்கள் பாணி என்று பின்னாளில் சொல்லப்போவது அங்கேதான் தொடங்குகிறது.

ஷேடோ ஸ்லைடரை நூறுக்கு இழுப்பது எல்லோருக்கும் வரும் முதல் மோகம். நிழல் முழுக்க வெளிச்சமானால் படம் தட்டையாகிவிடும். கோயில் பிராகாரத்தின் தூண்களுக்கு இடையே இருள் இருப்பதால்தான் அது பிராகாரம்.

இதைவிடப் பெரிய விஷயம் தோல் நிறம். ரா தரும் அதிகாரத்தை நம் ஊர் ஸ்டுடியோக்களில் பெரும்பாலும் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்றால் மணப்பெண்ணை வெளுப்பாக்க. ஆரஞ்சு நிறத்தின் பிரகாசத்தை மட்டும் தூக்கிவிட்டால் மாநிறமும் கருப்பும் சில நொடியில் கோதுமையாகிவிடும். அதோடு முகத்தின் மேடு பள்ளமும் போய்விடும், ஆல்பத்தில் இருப்பது அந்தப் பெண்ணே இல்லை என்றாகிவிடும். வண்ணப் படத்தின் வரலாறே வெள்ளைத் தோலைச் சுற்றி வளர்ந்தது. கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேபுகளுக்கு அனுப்பிய ‘ஷெர்லி அட்டை’யில் பல பத்தாண்டுகள் வெள்ளைப் பெண்கள்தான் இருந்தார்கள். பிரிண்டில் நிறத்தைச் சரிபார்த்ததே அந்த முகத்தை வைத்துத்தான். பல நிறத்தவரும் இருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. கூகுள் தன் பிக்சல் 6 போனில் கருந்தோலை உள்ளபடி காட்டுவதற்கென்று ‘ரியல் டோன்’ கொண்டுவந்தது 2021-ல். கேமராவும் போனும் முன்கூட்டி எடுத்துவைத்த முடிவுகளில் இந்த முடிவும் ஒன்று. ராவில் அது உங்களிடம் வருகிறது. கருந்தோலின் அழகு அதன்மேல் விழும் ஒளியின் பளபளப்பில் இருக்கிறது, நெற்றியிலும் கன்னமேட்டிலும். எடுக்கும்போது போதுமான ஒளியை உள்ளே விட்டு, பிறகு கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் கவனித்தாலே போதும். வெளுப்பாக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்களிடம் உள்ளபடி செய்த படத்தையும் ஒருமுறை காட்டிப் பாருங்கள் என்று தொழிலில் இருக்கும் தம்பிகளிடம் நான் மறக்காமல் சொல்வதுண்டு.

யாருடைய கோப்பு?

கேனானுக்கு சிஆர்3, நிக்கானுக்கு நெஃப், சோனிக்கு ஏஆர்டபிள்யூ, ஃபுஜிக்கு ராஃப் என்று ஆளுக்கொரு ரா. உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியே சொல்வதில்லை. 2005-ல் நிக்கான் தன் டி2எக்ஸ் கேமராவின் நெஃப் கோப்பில் ஒயிட் பேலன்ஸ் எண்களை மறையாக்கம் செய்திருப்பது தெரியவந்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. நான் எடுத்த படத்தின் விவரத்தை என்னிடமிருந்தே பூட்டுவதா என்பதுதான் கேள்வி. தாமஸ் நோல் வெளிப்படையாகவே குறை சொன்னார். டேவ் காஃபின் என்ற நிரலாளர் அந்தப் பூட்டைத் திறந்துகாட்டினார். அவர் 1997-ல் தனியொருவராக எழுதத் தொடங்கிய டிசிரா என்ற சிறு நிரல் நூற்றுக்கணக்கான கேமராக்களின் கோப்புகளைப் படிக்கும். இன்றைய இலவச ரா மென்பொருள்கள் பலவற்றின் வேர் அதில் இருக்கிறது. அடோபி 2004-ல் எல்லோருக்கும் பொதுவாக டிஎன்ஜி என்ற வடிவத்தை வெளியிட்டது. லைக்கா, பென்டாக்ஸ் கேமராக்கள் நேரடியாகவே டிஎன்ஜி தருகின்றன. கேனான், நிக்கான், சோனி போன்ற பெரிய நிறுவனங்கள் அதற்கு வரவில்லை. புதிதாக வாங்கிய கேமராவின் ரா உங்கள் பழைய மென்பொருளில் திறக்கவில்லையென்றால் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மென்பொருளுக்கு அந்தக் கேமரா இன்னும் அறிமுகமாகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அப்டேட் செய்தால் சரியாகும்.

போன்களிலும் ரா வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் 2014-ல் 5.0 பதிப்பு அதற்கு வழிசெய்தது, ஐபோனில் 2016-ல். ஆனால் போன் சாதாரணமாகத் தரும் படம் பல சட்டகங்களை அடுக்கிச் சேர்த்துச் செய்தது. ஒற்றைச் சட்டக ரா அதன் பக்கத்தில் நாய்ஸோடு பரிதாபமாகத் தெரியும். ஆப்பிள் 2020-ல் கொண்டுவந்த புரோரா, சேர்த்த பிறகான தரவைத் தருவதால் அந்தக் குறை அதில் குறைவு. போனில் ராவைப் பகல் வெளிச்சத்திலும் அசையாத காட்சிகளிலும் முயன்று பார்ப்பதே நல்லது.

எல்லா இடத்திலும் ரா வேண்டும் என்பதும் இல்லை. 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தனக்குப் படம் தரும் ஃப்ரீலான்ஸ் ஒளிப்படக் கலைஞர்களிடம், ராவிலிருந்து செய்த படங்களை அனுப்பாதீர்கள், கேமராவிலேயே ஜேபெக்காக எடுத்ததை மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டது. வேகம் ஒரு காரணம், படம் நடந்ததை நடந்தபடி காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. அதே அக்கறையோடு வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டி நேரெதிர் வழியில் போகிறது. இறுதிச் சுற்றுக்கு வருபவர்கள் கேமராவில் பதிவான மூலக் கோப்பைக் காட்ட வேண்டும், படம் எடுத்தவர் எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்று அதை வைத்துச் சோதிக்கிறார்கள். ஒன்றுக்கு ரா சந்தேகத்துக்கு இடம், மற்றொன்றுக்கு அதுவே சாட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

இடம் அடைக்கும், ஆனாலும் வையுங்கள்

24 மெகாபிக்சல், 14 பிட், சுருக்காத ரா என்றால் கணக்குப்படி ஒரு படம் 42 மெகாபைட். ஒரு கல்யாணத்தில் 2,000 படம் எடுத்தால் 84 ஜிகாபைட். கேமராவில் இழப்பில்லாச் சுருக்கம் என்ற வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், தரத்தில் ஒன்றும் குறையாமல் கோப்பு கணிசமாகச் சிறுக்கும். தொடர்ந்து பல படங்களைத் தட்டும்போது கேமரா திணறி நிற்பதும் பல கேமராக்களில் இதனால் குறையும். எடுத்ததை எல்லாம் வைத்திருக்கவும் வேண்டாம். கண் மூடியவை, போகஸ் தவறியவை, ஒரே மாதிரியானவற்றை அன்றைக்கே கழித்துவிட்டு, மிச்சத்தை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், முடிந்தால் இரண்டு வேறு வேறு வீடுகளில் வைக்க வேண்டும். ஆல்பம் கொடுத்துவிட்டோமே என்று ராவை அழிப்பதுதான் நான் அதிகம் வருந்தும் விஷயம்.

ஏனென்றால் கோப்பு மாறாவிட்டாலும் அதைப் படிக்கும் மென்பொருள் வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2012-ல் வந்த லைட்ரூம் 4, ஹைலைட்டையும் ஷேடோவையும் கையாளும் கணக்கையே மாற்றியது. அதற்கு முன் எடுத்த படங்களிலும் அதைப் போட்டுப் பார்க்க முடிந்தது. 2023 ஏப்ரலில் அடோபி கொண்டுவந்த டீனாய்ஸ் வசதி, டிமொசைக்கிங் செய்யும் கட்டத்திலேயே நாய்ஸையும் பிரித்தெடுக்கிறது. வந்த புதிதில் அது ரா கோப்புகளில் மட்டுமே வேலை செய்தது, மூலக் கணக்கு அவற்றில்தான் இருக்கிறது. பதினைந்து ஆண்டுக்கு முன் ஐஎஸ்ஓ 3200-ல், இருட்டு மண்டபத்தில், பாட்டி பேத்திக்குப் பூ வைத்துவிடும் ஒரு படம் உங்களிடம் ராவாக இருந்தால் இன்று அதைத் திறந்து அந்த வசதியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அன்று புள்ளிகளுக்குள் கரைந்துபோயிருந்த பாட்டியின் காதுத் தோடும் கைச் சுருக்கமும் வெளியே வரும்.